ஞாயிற்றுக்கிழமை வள்ளம்

ஏப்ரல் 3

இந்த டயரி கூட்டுறவு வங்கி கொடுத்தது, மூன்று வருஷம் பழையது. கிழமை பொருந்தாது, தேதி பொருந்தும். என் தங்கை ரெஜினாளின் மகள் அஜிலா காலையில் கொண்டுவந்து கையில் திணித்தாள்.

"மாமா, நீங்கதான் மைதானப் பொறுப்பு. தெனமும் மணல் எப்படிக் கெடக்குன்னு இதுல எழுதணும். மணலப் பத்தி மட்டும்."

'மட்டும்' என்பதை இன்னொரு தடவையும் சொன்னாள்.

மணல் நன்றாக இருக்கிறது.

அதற்கு ஒரு வரி போதும். மீதிப் பக்கத்தை வெறுமனே விட எனக்கு மனம் வரவில்லை. பின்னால் வருகிறவர்கள் வரலாறு எழுத இதைத் தேடி வருவார்கள். ஆகவே எழுதுகிறவன் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சின்னமணல்துறை மைக் பெர்க்மான்ஸ் என்றால் மேற்கே எட்டுத் துறைக்கும் தெரியும். திருவிழா, கல்யாணம், பந்தாட்டம், எதுவானாலும் மைக் என் கையில்தான். ஒரு தடவை நான் 'கோல்' என்று கூவியதைக் கேட்டு நடுக்கடலில் போன கப்பல் பதிலுக்கு ஹாரன் அடித்தது. எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஆறாம் வகுப்பை இரண்டு தடவை படித்ததால் ஒன்பது என்றே கணக்கு.

விஷயம் இதுதான். எங்கள் மாவட்டத்தில் முதல் தடவையாகக் கடற்கரைக் கால்பந்தாட்டப் போட்டி நடக்கிறது. ஜெயிக்கிற அணி மாவட்டத்தின் பெயரில் மாநிலப் போட்டிக்குப் போகும். எங்கே நடத்துவது என்று மாவட்டப் பந்தாட்டச் சங்கத்தில் பேச்சு வந்தபோது, ஓட்டல்காரர்கள் பெருக்கி வைத்திருக்கும் கரைகளைத்தான் எல்லாரும் சொன்னார்கள். அஜிலா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அவள்தான் ஆபீசுக்கு நடையாய் நடந்து, "ஆடுறவன் இருக்கிற கரையில நடத்துங்க சார்" என்று வாதாடி எங்கள் கரைக்கு வாங்கி வந்தாள். எங்கள் அந்திரேயா கிளப்புக்குப் பயிற்சி கொடுக்கிறவளும் அவள்தான். போட்டி ஒழுங்காக நடந்தால் இனி வருஷா வருஷம் இங்கேதான். கோணலானால் அந்த ஆபீஸ் வாசலை அவள் மிதிக்க முடியாது. அவள் அப்படிச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

ஏப்ரல் 6

மணல் நன்றாக இருக்கிறது, ஆனால் சிப்பி அதிகம். முழங்கை ஆழத்துக்குக் கல்லோ சிப்பியோ கண்ணாடியோ இருக்கக் கூடாது என்று விதி. வெறுங்காலில் ஆடுகிற ஆட்டம் அல்லவா. பழைய மத்தி மீன் வலையை மடித்துக் கட்டி மணலைச் சலித்தோம். இந்த யோசனை என்னுடையது. கேப்டன் ஜெபினும் தன்னுடையது என்கிறான். இருபத்தாறு வயசில் அப்படித்தான் தோன்றும்.

சலிக்கும்போது அஜிலா பையன்களுக்கு வரலாறு சொன்னாள்.

"பிரேசில்ல, ரியோ கரையில, சனங்க சும்மா ஆடிட்டுக் கெடந்தாங்க. எத்தன பேரு, எவ்வளவு நேரம், ஒரு கணக்கும் கெடையாது. தொண்ணூத்திரண்டுலதான் ஒக்காந்து விதி எழுதுனாங்க. பக்கத்துக்கு அஞ்சு பேரு, பன்னெண்டு பன்னெண்டு நிமிஷமா மூணு பகுதி, ஃப்ரீ கிக்க மறிச்சு ஆளுக சுவரா நிக்கக் கூடாது, சமன்ல முடியவே கூடாதுன்னு. அதுக்கப்புறம் டிவி வந்துது, ஒலகக் கோப்பை வந்துது. நம்ம நாட்டுல தேசியப் போட்டி ஆரம்பிச்சது இப்பத்தான், ரெண்டாயிரத்து இருபத்துமூணுல, சூரத்துல."

"அப்பம் ஆடுனவனுக்கு இல்ல, எழுதுனவனுக்குத்தான் கோப்பையா டீச்சர்?" என்றான் ஜெபின்.

"எழுதுனதுனாலதாம்லே அடுத்த ஊர்க்காரன்கூட ஆட முடிஞ்சுது. இல்லன்னா அவனவன் கரையில அவனவன் ஆட்டம்."

நான் சும்மா இருக்க முடியுமா? "அந்த ரியோவுக்கு ஆட்டம் எங்கேருந்து போச்சுன்னு தெரியுமா? எங்க தாத்தா காலத்துல இந்தக் கரையில ஒரு சரக்குக் கப்பல் தட்டி நின்னுது. அதுலேருந்து பிரேசில்காரன் ஏழு பேரு எறங்கி நம்ம ஆளுகளோட பந்து ஆடினான். போகும்போது ஆட்டத்தையும் தூக்கிட்டுப் போயிட்டான்."

"போன தடவ அஞ்சு பேருன்னு சொன்னீரு, மாமா" என்றான் ஜெபின்.

"ரெண்டு பேருக்குக் காய்ச்சல். கப்பல்லேயே படுத்திருந்தான்."

சிரித்தார்கள். வரலாறு கேட்டுச் சிரிக்கிற தலைமுறை.

ஏப்ரல் 8

எழுதினால்தான் விதி என்றால் எங்கள் கரையின் விதிகளையும் எழுதி வைக்கிறேன்.

இரண்டு துடுப்பை நட்டால் கோல். பத்துப் பேர் வந்தால் ஐந்து ஐந்து, அறுபது பேர் வந்தால் முப்பது முப்பது. பந்து கடலுக்குள் போனால் முழங்கால் தண்ணீர் வரை ஆட்டம் உயிரோடு இருக்கும். அதற்கு மேல் போனால் நீந்தி எடுக்கிறவன் பந்து. காயப்போட்ட வலையை மிதித்தால் அன்றைக்கு ஆட்டமே கிடையாது.

அப்புறம் வள்ளம். வள்ளம் கரை அணையும்போது கரையில் நிற்கிறவன் கை வைக்காமல் நிற்கக் கூடாது. இது பந்துக்கு முந்தின விதி. ஆடிக்கொண்டிருந்தால், பந்து நின்ற இடத்திலேயே அதை மணலில் புதைத்துவிட்டு எல்லாரும் ஓடுவோம். வள்ளத்தை மேட்டில் ஏற்றிவிட்டு வந்து, தோண்டி எடுத்து, அதே இடத்திலிருந்து ஆட்டம். கை வைத்த ஒவ்வொருவனுக்கும் வள்ளக்காரன் ஒரு மீன் கொடுப்பான்.

பிறகு திருவிழாவுக்குக் கோப்பை வைக்க ஆரம்பித்தோம். முதல் கோப்பை ஒரு அலுமினியப் பானை. ஜெயித்தவர்கள் அதில் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். பிறகு ஜெனரேட்டர் விளக்கு வந்தது, கேரளத்து அணிகள் வந்தன, மைக் வந்தது. மைக் வந்த பிறகுதான் ஆட்டம் வளர்ந்தது என்பது என் கருத்து. அது யாரால் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஏப்ரல் 11

மணல் நன்றாக இருக்கிறது. இதைச் சங்கச் செயலாளர் நீலகண்டன் சாரே வந்து பார்த்துச் சொன்னார். செருப்பைக் கழற்றாமல் மணலில் நடந்தார். ஆனாலும் நல்ல மனுஷன்.

"எடம் சரி. ஆனா இது வள்ளம் அணையிற கரையாச்சே. ஆட்டத்துக்கு நடுவுல வந்து நின்னா?" என்றார்.

அஜிலா வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். "அதுக்குத்தான் சார் ஞாயித்துக்கெழம ஃபைனல். பூசை நாளு. அன்னைக்கு இந்தக் கரையில ஒருத்தனும் கடல்ல கெடக்கமாட்டான். கடலுக்கே லீவு."

பக்கத்தில் வலைக்கிழிசலை முடிந்துகொண்டிருந்த கஸ்பார் தலையைத் தூக்கினான். என் வயசுக்காரன், சொந்தமாக வள்ளம் வைத்திருக்கிறவன். "ஓய் மைக்கு, கடலுக்கு லீவு குடுக்க ஒமக்கு எப்பம் அதிகாரம் வந்துது?"

"நீரு ஒம்ம கிழிசலப் பாரும்."

நான் காலைச் சாய்த்து நடப்பதைப் பார்த்து, "கால்ல என்ன?" என்று கேட்டார் சார்.

"அந்தக் காலத்துல கோவாக்காரன் ஒருத்தன் பின்னால நின்னு முட்டியில சவட்டினான் சார். இல்லன்னா நான் இங்க நிக்க வேண்டியவன் இல்ல."

கஸ்பார் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தான். அவன் காரணமில்லாமல் சிரிக்கிறவன்.

ஏப்ரல் 15

நகரத்திலிருந்து டவுன் ஸ்டார் கிளப் மணலில் பழகிப் பார்க்க வந்தது. புல்லில் நன்றாக ஆடுகிறவர்கள். இங்கே பந்தை உருட்டி விட்டுவிட்டு, அது பாதியில் நின்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மணலில் பந்து உருளாது. சிறு குழி போதும், அங்கேயே உட்கார்ந்துவிடும். அதனால் பந்தை ஆகாயத்தில் வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். காலால் கோதி எடுத்து, நெஞ்சில் வாங்கி, கீழே விழுமுன் அடிக்க வேண்டும். எங்கள் பையன்களுக்கு இது நடக்கப் பழகும்போதே வந்துவிடும்.

அவர்களுடைய கோல்கீப்பர் கோகுல் என்று ஒரு பையன். நல்ல உயரம். கடலையே பார்த்துக்கொண்டு நின்றான். நீந்தத் தெரியாதாம், முழங்கால் நனைய நின்றதுகூட இல்லையாம். அவனுக்குத் தைரியம் சொல்ல, விசாகப்பட்டினத்தில் கடற்படை அணியின் கோல்கீப்பரோடு மோதி என் முட்டி போன கதையைச் சொன்னேன்.

"செயலாளர் சார் கோவான்னாரே?" என்றான்.

"இது எடது முட்டி" என்றேன். சாய்வது வலது கால். அவன் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 20

உயிர்ப்புப் பெருவிழா, ஈஸ்டர். ஆப்பம், கறி. மணல் நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 25

வரிக்கு நீல நாடா வந்துவிட்டது. கோல் கம்பங்கள் வந்துவிட்டன. மைக்கைச் சோதித்தேன். பேய் ஓடும்.

கஸ்பார் மத்தியானம் வள்ளத்தை இறக்கினான். கூட அவன் மருமகனும் இன்னொருவனும். ஆழக்கடலில் கணவாய் மீன் கிடைக்கிறதாம்.

"நாளைக்கு வெளிச்சம் போறதுக்குள்ள கரை பிடிச்சிரும். ஞாயித்துக்கெழம இங்ஙன வள்ளத்தக் கொண்டாந்து நிறுத்திராதேயும்" என்றேன்.

"ஒம்ம ஆட்டத்துக்காவா நான் மீன் பிடிக்கேன்? கோப்பைய வாங்கி வையும், நான் கணவாய் கொண்டாறேன், அதுல வச்சுத் திம்போம்."

ஏப்ரல் 26

ஆறு அணிகள். இரண்டு ஆட்டமும் ஜெயித்து அந்திரேயா கிளப் ஃபைனலுக்குப் போயாயிற்று. ஜெபின் அந்தரத்தில் மல்லாந்து ஒரு கோல் அடித்தான். நான் மைக்கில் சொன்ன சொல்லை நீலகண்டன் சார் எழுதி வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். நாளைக்கு எதிரணி டவுன் ஸ்டார். அஜிலா சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குப் பசிக்காது.

கஸ்பார் இன்னும் கரை பிடிக்கவில்லை. கிண்டல் பண்ணலாம் என்று வீட்டுக்குப் போனேன். "போன் போகல, அண்ணே" என்றாள் அவன் மனைவி. கடலுக்குள் சிக்னல் இருக்காது. பக்கத்துத் துறைமுகத்தில் வள்ளத்தை ஏற்றிவிட்டு அங்கேயே படுத்திருப்பான்.

மணலைப் பார்ப்பதற்காக இரண்டு மூன்று தடவை கரைக்குப் போய் வந்தேன்.

ஏப்ரல் 27

தோற்றோம். மைக் பழுது. முட்டி வீங்கியிருக்கிறது. மணல் நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 28

வரலாறு என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கரை கொள்ளாத கூட்டம். கடைசிப் பகுதி. நான்குக்கு மூன்று, நாங்கள் முன்னால். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும். காற்று இல்லை, மேகம் இல்லை. ஆனால் கடல் சத்தமில்லாமல் வீங்க ஆரம்பித்திருந்தது. கள்ளக்கடல் என்போம் இதை. எங்கோ தூரத்தில் அடித்த புயலின் அலை, இங்கே வெயில் காயும்போது திருடன் மாதிரி வரும். எல்லார் கண்ணும் பந்தின் மேல் இருந்ததால் யாரும் கடலைப் பார்க்கவில்லை.

அப்போது அலை முறிகிற இடத்தில் கஸ்பாரின் வள்ளம். எஞ்சின் சத்தம் இல்லை. அலைக்கு முதுகைக் காட்டாமல் விலாவைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அப்படிக் கிடந்தால் அடுத்த அலையோ அதற்கடுத்த அலையோ புரட்டிவிடும். அதில் ஒருவன் எழுந்து நின்று துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

அந்த நேரம் பார்த்து மைக் பழுதாகிவிட்டது. ஆகவே அடுத்து நடந்ததை என்னால் கரைக்கு அறிவிக்க முடியவில்லை.

ஜெபின் காலில் பந்து. அவன் கடலைப் பார்த்தான். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் மணலைத் தோண்டி, பந்தை வைத்து மூடி, மேலே ஒரு குவியல் தட்டிவிட்டு ஓடினான். ஐந்து பேரும் ஓடினார்கள். பெஞ்சில் இருந்தவர்களும் ஓடினார்கள். பார்க்க வந்த ஆண்கள் பெண்கள் எல்லாரும். நடுவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பாவம், விசில் ஊதிக்கொண்டே அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். டவுன் ஸ்டார் பையன்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அவரவர் இடத்தில் நின்றார்கள். கோகுல் மட்டும் கோலை விட்டுவிட்டு வந்து, இடுப்புத் தண்ணீரில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வள்ளத்திலிருந்து எறிந்த கயிற்றைப் பிடித்தான்.

அலை தூக்கிக் கொடுக்கும்போது இழுக்க வேண்டும். அலை திரும்பும்போது விடாமல் நிற்க வேண்டும். எத்தனை தடவை என்று தெரியாது. மூன்று பேரும் பிழைத்தார்கள். கஸ்பாரின் மருமகனுக்கு நெற்றியில் தையல். கஸ்பார் மணலில் உட்கார்ந்து, "கோப்பை எங்ஙன?" என்று கேட்டான்.

திரும்பி வந்தபோது நடுவர் முடிவைச் சொல்லிவிட்டார். ஓர் அணியில் மூன்று பேருக்குக் குறைவாகக் களத்தில் இருந்தால் ஆட்டம் முடிந்தது, எதிரணிக்கு வெற்றி. நான் ஈரத்தோடு போய் வாதாடினேன். (அலை கரை வரைக்கும் தெறித்தது.)

"இந்த ஆட்டத்துல ஆள் மாத்துறதுக்குக் கணக்கே கெடையாது, எப்பம் வேணும்னாலும் மாத்தலாம்னு ஒங்க விதியிலேயே இருக்கு. அவனுக மாத்துக்குத்தான் போனானுக."

"ஐயா, மாத்துக்குப் போறவன் பெஞ்சுப் பக்கம் போகணும். கடலுக்குள்ள போகப்படாது" என்றார்.

அஜிலா வாதாடவில்லை. அவளுக்கு விதி தெரியும். தனியாக நடந்து போய், மணலைத் தோண்டி, பந்தை எடுத்துத் துடைத்து நீலகண்டன் சார் கையில் கொடுத்தாள். சங்கத்துப் பந்து.

ஏப்ரல் 29

கஸ்பார் கணவாய் கொடுத்தனுப்பினான். கை வைத்தவனுக்கு ஒன்று. டவுன் ஸ்டார் கோல்கீப்பருக்கும் ஒன்று, ஐஸ் போட்டு பஸ்ஸில் போயிருக்கிறது. எனக்கு இரண்டு. ஏன் என்று தெரியவில்லை. ஆள் எண்ணத் தெரியாதவன்.

ஜெபின் வந்தான். "மாமா, மைக்கு ரிப்பேருக்குக் குடுத்தாச்சு. உள்ள பூராவும் மணலு. நீரு எறிஞ்ச எறியில கம்பி வெளிய வந்துட்டு."

"எறியல மக்கா. நழுவிட்டுது."

"நழுவின மைக்கு அத்தன தூரம் போய்க் கெடக்குமா ஓய்? ஸ்பீக்கர்ல டமார்னு ஒரு சத்தம். என்னன்னு திரும்பினா நீரு காலச் சாச்சுக்கிட்டு வேட்டி அவுந்தது தெரியாம கடலப் பாத்து ஓடுகீரு. அதப் பாத்துத்தான் நாங்க கடலையே பாத்தோம். ஆட்டத்துல நிக்கவனுக்கு வள்ளம் எங்ஙன தெரியும்?"

வெயிலில் ஆடினால் கண்ணுக்கு இப்படியெல்லாம் தோன்றும். அவன் சொன்னதை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

அஜிலா என்னோடு பேசவில்லை. மணல் எப்படி என்றும் கேட்கவில்லை.

மே 1

ரெஜினாள் முட்டிக்கு எண்ணெய் தேய்த்தாள். அடுத்த அறையில் அஜிலா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே, எனக்குக் கேட்கும்படி, அம்மாவிடம் சொன்னாள்.

"மாமாவுக்கு என்ன? ஒரு காலத்துல ஆடியாச்சு, பேரு வாங்கியாச்சு. எங்க பயலுகளுக்கு இதுதான் மொதத் தடவ."

ரெஜினாள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "யாருட்டீ ஆடினது? பத்தொம்பது வயசுல கிளப்புல சேத்தாவ. மொத நாளு பயிற்சிக்குப் போனாரு. வள்ளம் வருகுன்னு எல்லாரோடயும் ஓடினாரு. வள்ளம் புரண்டு கால் மேல வந்துட்டு. அதுக்கப்புறம் எங்க ஆட? ஒரு மேட்சு ஆடினது கெடையாது, ஒங்க மாமா."

ரெஜினாளுக்கு இப்போதெல்லாம் ஞாபகம் குழம்புகிறது. அப்போது அவள் சின்னப்பிள்ளை.

கொஞ்ச நேரம் கழித்து அஜிலா வந்து கதவருகில் நின்றாள். "யாரு வள்ளம் மாமா அது?"

"கஸ்பாரோட அப்பன் வள்ளம்" என்றேன்.



மே 6

சங்கத்திலிருந்து முடிவு வந்துவிட்டது. நடுவர் சொன்னது சொன்னதுதான். மாநிலத்துக்கு டவுன் ஸ்டார் போகிறது. அடுத்த வருஷம் முதல் போட்டி வள்ளம் அணையாத வேறு கரையில். நீலகண்டன் சார் அஜிலாவைக் கூப்பிட்டு, "நீ கெட்டிக்காரிதான். ஆனா ஒங்க ஆளுகளுக்குக் களம்னா என்னன்னு தெரியலியே" என்றாராம்.

சாயங்காலம் அவள் மைதானத்துக்கு வந்தாள். நீல நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"விதிப் புத்தகத்த மனப்பாடமா வச்சிருந்தேன் மாமா. நாய் உள்ள வந்தா என்ன செய்யணும், பந்து வெடிச்சா என்ன செய்யணும், எல்லாத்துக்கும் விதி இருக்கு. வள்ளத்துக்கு இல்ல."

"ம்."

"ரியோவுல வள்ளம் அணையாதா?"

அந்த ஏழு பிரேசில்காரர்களையும் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "அணையும். எழுதின அன்னைக்கு அணையலபோல" என்றேன்.

அவள் கடல் பக்கம் திரும்பினாள். "எம்மேலதான் எனக்குக் கோவம் மாமா. எல்லாரும் ஓடும்போது நான் பெஞ்சுப் பக்கத்துல நின்னு, எத்தன பேரு உள்ள இருக்கான்னு எண்ணிக்கிட்டு நின்னேன்."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. யாராவது ஒருத்தர் எண்ணத்தான் வேண்டும், அதுவும் வேலைதான் என்று. அதைச் சொல்ல மைக் வேண்டாம், ஆனாலும் எனக்குச் சொல்ல வரவில்லை. நாடாவைச் சுருட்டினோம்.

மே 11

எட்டுத் துறைக்காரர்களையும் அஜிலா கிளப் ஹாலுக்குக் கூப்பிட்டிருந்தாள். நமக்கென்று ஒரு போட்டித் தொடர், எட்டுக் கரையிலும் மாறி மாறி ஆடுவது. விதியெல்லாம் சங்கத்து விதியேதான். அஞ்சு பேர், மூணு பகுதி, ஒன்றும் மாற்றமில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று அவள் சேர்த்திருந்தாள். எழுந்து நின்று வாசித்தாள்.

"வள்ளம் அணைஞ்சா நடுவர் விசில் ஊதி நேரத்த நிறுத்தணும். பந்த நின்ன எடத்துல புதைக்கணும். ரெண்டு அணியும் நடுவரும் கை வைக்கப் போகணும். திரும்பி வந்து, புதைச்ச எடத்துலேருந்து ஆட்டம்."

ஒருவன் சொன்னான்: "இது என்னத்துக்கு எழுதணும்? எல்லாக் கரையிலயும் உள்ளதுதானே?"

"உள்ளதுதான். எழுதாததுனாலதான் தோத்தோம்" என்றாள் அஜிலா.

நடுவரும் போகணுமா என்று சண்டை வந்தது. போகணும் என்று கஸ்பார் கத்தினான். கை தூக்கச் சொன்னார்கள், எல்லாக் கையும் உயர்ந்தது. அப்போது மேற்கே கடைசித் துறையிலிருந்து வந்த புது ஆள் ஒருவன், "நல்லாத்தான் இருக்கு. இத மொதல்ல யாரு கொண்டாந்தது?" என்று கேட்டான்.

ஹாலில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபின் பார்த்தான். கஸ்பார் ஒரு தடவையாவது சிரிக்காமல் பார்த்தான். அஜிலாவும்.

"பிரேசில்காரனா இருக்கும்" என்றேன்.

மே 24

சனிக்கிழமை. தொடரின் முதல் ஆட்டம், எங்கள் கரையில். ஞாயிறு வேண்டாம் என்று அஜிலாவே சொல்லிவிட்டாள். வள்ளம் வருகிற நாளில் ஆடினால்தான் விதிக்கு மரியாதையாம்.

கோகுல் இரண்டு கூட்டாளிகளோடு பார்க்க வந்திருந்தான். மாநிலப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டார்களாம். எனக்குச் சந்தோஷமாக இல்லை. கொஞ்சம் இருந்தது. இப்போது நீச்சல் பழகுகிறானாம், நகராட்சிக் குளத்தில்.

அஜிலாதான் நடுவர். ஆட்டம் சூடு பிடித்த நேரம், நான் மைக்கில் அந்த ஏழு பிரேசில்காரர்களைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வடக்கே ஒரு வள்ளம் அலையைத் தாண்டியது. அமைதியான கடல்தான், ஆபத்து ஒன்றுமில்லை. அஜிலா விசில் ஊதினாள். கடிகாரத்தை நிறுத்தினாள். குனிந்து, பந்தைத் தானே புதைத்து, மேலே குவியல் தட்டிவிட்டு, எல்லாருக்கும் முன்னால் ஓடினாள்.

மைக்கை இனி மணலில் எறியக் கூடாது என்று ரிப்பேர்க்காரன் சொல்லியிருந்தான். மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டுப் போனேன்.

மணல் நன்றாக இருக்கிறது.